“பாஸ்வேர்டு தப்புங்குது”: கரூர் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றின் மெயில் சர்வர் நிகழ்வு ஆய்வு

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிஷம். கரூரிலிருந்து போன். திரைச்சீலை, மேஜை விரிப்பு, சமையலறைத் துணி என்று ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிற அக்கா பேசினார்.

“தம்பி, என்னத்தப் பண்ணி வெச்சுட்டுப் போனீங்க? ஆபீஸ்ல ஒருத்தரு பாக்கியில்லாம எல்லாருக்கும் பாஸ்வேர்டு தப்புங்குதுங்க. சனிக்கெழம வரைக்கும் இதே பாஸ்வேர்டுதானுங்களே?”

அவர் சொன்னது சரி. பாஸ்வேர்டு எதுவும் தப்பில்லை. அன்று முழுக்க அந்த ஒரே வாக்கியம்தான் மூன்று வேறு வேறு கோளாறுகளின் பெயரில் என் காதில் விழுந்துகொண்டிருந்தது. மெயில் சர்வர் பராமரிக்கிற யாருக்காவது உதவும் என்றுதான் இதை முழுசாக எழுதுகிறேன். நான் செய்த தப்பு உட்பட.

இருந்த நிலை

பழைய சர்வர் அலுவலகத்துக்குள்ளேயே, மாடிப்படிக்குக் கீழே, யுபிஎஸ் பக்கத்தில் இருந்த ஒரு டவர் கணினி. அதில் ஓடியது டெபியன் 8 என்ற லினக்ஸ். அதற்கான நீட்டிப்புப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜூனோடு நின்றுபோயின. அனுப்புவதற்கு போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியைப் படிப்பதற்கு டவ்காட், பயனர்கள் எல்லாரும் சாதாரண யூனிக்ஸ் கணக்குகள். மொத்தம் 58 பேர். டிஸ்க் ஒன்று முனக ஆரம்பித்ததும், ஜனவரியில் ஃப்ராங்க்ஃபர்ட் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சிக்கு முதலாளி கிளம்புவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும் என்று முடிவானது. டிசம்பரில் ஒரு சனி இரவு, வாடகைக்கு எடுத்த விபிஎஸ் (இணையத்தில் இருக்கும் மெய்நிகர் சர்வர்) ஒன்றில் டெபியன் 12 போட்டு, கணக்குகளையும் பெட்டிகளையும் கொண்டுபோனேன். பாஸ்வேர்டுகளை யாரும் மாற்ற வேண்டியதில்லை. பாஸ்வேர்டுகளை உருமாற்றி வைத்திருக்கும் ஷேடோ கோப்பின் வரிகளை அப்படியே எடுத்துப் போனால் போதும்.

அப்படி எடுக்கும்போது ஆறு வரிகள் மட்டும் வேறு மாதிரி இருந்தன. மற்ற 52 கணக்குகளின் ஹேஷ் (பாஸ்வேர்டின் உருமாற்றிய வடிவம்) $6$ என்று தொடங்கியது, அதாவது எஸ்ஹெச்ஏ-512. இந்த ஆறும் டாலர் குறியே இல்லாமல் வெறும் பதின்மூன்று எழுத்து. ஆறுக்கும் முதல் இரண்டு எழுத்து ஒன்றே. பார்த்ததும் புரிந்தது: எனக்கு முன்னால் இருந்தவர் கணக்கு திறக்க ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட் வைத்திருந்திருக்கிறார், அதில் கிரிப்ட் செயல்கூற்றுக்கு ஒரே இரண்டெழுத்து சால்ட்டைக் (ஹேஷ் செய்யும்போது கலக்கும் துணுக்கை) கொடுத்திருக்கிறார். இரண்டெழுத்து சால்ட் கொடுத்தால் கிடைப்பது பழைய டிஇஎஸ் ஹேஷ், 1979இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸ் காலத்துச் சரக்கு. இன்றைய கணினிக்கு அதை உடைப்பது பெரிய வேலை இல்லை. அதனால் அந்த ஆறு பேரை மட்டும் சனிக்கிழமை சாயங்காலம் வரவைத்து, அவரவர் பாஸ்வேர்டை அவரவர் கையாலேயே புது சர்வரில் அடிக்க வைத்தேன். புது டெபியனில் பாஸ்டபிள்யூடி கட்டளை யெஸ்கிரிப்ட் என்ற ஹேஷ் முறையில் சேமிக்கும். நல்ல காரியம் செய்ததாகத்தான் அன்று நினைத்தேன். செய்ததும் சரிதான், ஆனால் அதில் ஒரு கண்ணி இருந்தது. அதற்கு மதியம் வருகிறேன்.

காலை: வாங்குது, அனுப்ப மாட்டேங்குது

போனை வைத்ததும் நான் செய்த முதல் வேலையே தப்பு. அக்காவின் பாஸ்வேர்டை மாற்றி, “இதைப் போட்டுப் பாருங்க” என்றேன். அதுவும் போகவில்லை. இதனால் இரண்டு நஷ்டம். வேலை செய்யாத பழைய பாஸ்வேர்டு என்கிற ஒரே சாட்சியை நானே அழித்துவிட்டேன். அவர் வீட்டு லேப்டாப், போன் இரண்டிலும் இதுவரை ஓடிக்கொண்டிருந்த மெயிலும் நின்றுபோனது. பாஸ்வேர்டு தப்பு என்று சர்வர் சொன்னால் பாஸ்வேர்டை மாற்றக் கை போவது இயல்பு. அந்தக் கையைப் பிடித்து நிறுத்திக்கொள்வதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் சர்வர் அந்தப் பதிலை வேண்டுமென்றே மொட்டையாகத்தான் சொல்லும். பயனர் பெயரே இல்லையா, பெயர் சரியாக இருந்து பாஸ்வேர்டு தப்பா, கணக்கு காலாவதியா என்று பிரித்துச் சொன்னால் திருடனுக்கு வழி காட்டியதாகிவிடும். அதனால் வெளியே 535 என்று ஒரே எண். காரணம் லாகில், அதாவது சர்வரின் பதிவேட்டில், மட்டும். அவுட்லுக் அந்த எண்ணைக்கூடக் காட்டாமல் பாஸ்வேர்டு பெட்டியை மறுபடி நீட்டுகிறது. பார்க்கிறவருக்கு எல்லாமே “தப்புங்குது”தான்.

சரி, லாக். டெபியன் 12இல் லாகைக் கோப்பாக எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படுவதில்லை, அதனால் பழக்கதோஷத்தில் மெயில்.லாக் கோப்பைத் தேடிப் போனால் அது இருக்காது. ஜர்னல்சிடிஎல் கட்டளை வழியாகத்தான் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு முன்னால் அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டேன்: “புது மெயில் உள்ளே வருதுங்களாக்கா?”

“வருதுங் தம்பி. மாத்தறதுக்கு முந்தி வந்துட்டுத்தான் இருந்துச்சு. பதில் போட்டாத்தான் கேக்குது.”

இந்தப் பதில் பாதி வேலையை முடித்துவிட்டது. படிப்பது டவ்காட், அது நேராக பாமைக் (லினக்ஸின் உள்நுழைவுச் சரிபார்ப்பு அமைப்பை) கேட்கிறது. அனுப்புவது போஸ்ட்ஃபிக்ஸ்; அது நேராகக் கேட்காது, சாசல்ஆத்டி என்ற இடையாளிடம் கேட்கும், அந்த இடையாள் பாமைக் கேட்கும். இரண்டு பாதையும் ஒரே ஷேடோ கோப்பில்தான் போய் முடிகின்றன. ஒரு பாதையில் பாஸ்வேர்டு சரி, மறு பாதையில் தப்பு என்றால் ஷேடோவில் குற்றமில்லை, இடையாளில் இருக்கிறது.

சாசல்ஆத்டி உயிரோடு இருக்கிறதா என்று அதன் சோதனைக் கட்டளையை ரூட்டாக, அதாவது முழு அதிகாரம் உள்ள பயனராக, இருந்து ஓட்டினேன். “ஓகே, சக்ஸஸ்” என்றது. ஆனால் போஸ்ட்ஃபிக்ஸ் லாகில், சாசல்ஆத்டி சர்வரோடு இணைய முடியவில்லை, அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை என்று வரி வரியாக இருந்தது. இரண்டுமே உண்மை. டெபியன் தரும் மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் எஸ்எம்டிபிடி (வெளியிலிருந்து வரும் இணைப்புகளோடு பேசும் போஸ்ட்ஃபிக்ஸ் செயல்முறை) வரியின் சிஹெச்ரூட் கட்டத்தில் ‘ஆம்’ என்று இருக்கும். அப்படி என்றால் அந்தச் செயல்முறைக்கு உலகமே /வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸ் அடைவுதான். அதற்கு மேலே எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாது. சாசல்ஆத்டியோ தன் சாக்கெட்டை, மற்ற நிரல்கள் அதோடு பேசும் கதவை, /வார்/ரன் அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ரூட்டாக வெளியே நிற்கிற எனக்கு அந்தக் கதவு தெரியும். உள்ளே அடைபட்ட போஸ்ட்ஃபிக்ஸுக்கு அங்கே வெறும் சுவர்.

பழைய சர்வரில் இதை யாரோ என்றைக்கோ சரிசெய்து வைத்திருக்கிறார்கள். நான் அந்த ஒரு கோப்பை மட்டும் எடுத்து வரவில்லை. சாக்கெட்டின் இடத்தை போஸ்ட்ஃபிக்ஸ் அடைவுக்குள் மாற்றி மறுபடி தொடங்கினேன். இப்போது ‘கோப்பு இல்லை’ போய் ‘அனுமதி இல்லை’ வந்தது. இது முன்னேற்றம்தான்: கதவு தெரிகிறது, பூட்டியிருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் பயனரை எஸ்ஏஎஸ்எல் குழுவில் சேர்த்து, அந்த அடைவுக்குக் குழு அனுமதி கொடுத்ததும் பூட்டும் திறந்தது.

சரிபார்க்கும்போது இன்னொரு இருபது நிமிஷம் வீணானது, அதையும் சொல்ல வேண்டும். 587ஆம் போர்ட்டில் ஓபன்எஸ்எஸ்எல் மூலம் இணைந்து, ஆத் பிளெய்ன் கட்டளையைக் கையால் கொடுத்துப் பார்ப்பது என் வழக்கம். வெற்றுபைட், பயனர் பெயர், மறுபடி வெற்றுபைட், பாஸ்வேர்டு: இந்த நான்கையும் ஒட்டி பேஸ்64 ஆக்கி அனுப்ப வேண்டும். பிரின்ட்எஃப் கட்டளையில் வெற்றுபைட்டுக்கு பேக்ஸ்லாஷ் பூஜ்ஜியம் என்று எழுதுவோம். என் சோதனைக் கணக்கின் பாஸ்வேர்டு ‘12’ என்ற எண்ணில் தொடங்கியது. பேக்ஸ்லாஷ் பூஜ்ஜியத்தோடு அந்த ஒன்றும் இரண்டும் ஒட்டிக்கொண்டு எட்டடிமான (ஆக்டல்) எண்ணாகி, ஒரு வரிமுறிவாக மாறிவிட்டது. சர்வர் சரியாகத்தான் 535 என்றது. நான் அனுப்பியதுதான் குப்பை. பெயரையும் பாஸ்வேர்டையும் வடிவ வரிக்குள் எழுதாமல், சதவீதக் குறி போட்டுத் தனியாகக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. கொடுத்தேன், 235 வந்தது.

பத்தரை மணிக்கு எல்லாரும் அனுப்பத் தொடங்கினார்கள். தூத்துக்குடி கிளியரிங் ஏஜென்டுக்கு பேக்கிங் லிஸ்ட் போனது. டாக்குமென்டேஷன் பார்க்கும் அண்ணன் தானே போன் பண்ணி, “போயிருச்சுங் தம்பி” என்றார்.

மதியம்: பத்து நிமிஷம் வருது, பத்து நிமிஷம் போகுது

குளிர்காலத்தில் ஜெர்மனியில் காலை ஒன்பது என்றால் நமக்கு மதியம் ஒன்றரை. கரூர் ஏற்றுமதி அலுவலகங்களில் மெயில் சூடு பிடிப்பது அதற்கப்புறம்தான். இரண்டே காலுக்கு மறுபடி போன். மறுபடி அதே வாக்கியம்.

நான் கிளம்பிக் கரூர் வந்து சேர மூன்றே முக்கால். நேரில் பார்த்தால் இது வேறு நோய். காலையில் அனுப்புவது மட்டும் நின்றது. இப்போது அனுப்புவது, வாங்குவது இரண்டும். காலையில் பாஸ்வேர்டு பெட்டி வந்தது. இப்போது சிலருக்குப் பெட்டி, பலருக்கு ‘சர்வரோடு இணைய முடியவில்லை’. அவர்களுக்கு இரண்டும் ஒன்று. எனக்கு அது ஒன்றில்லை, போனில் நான் அதைக் கேட்டுப் பிரித்திருக்க வேண்டும். பிரித்திருந்தால் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே விடை தெரிந்திருக்கும்.

சாம்பிள் செக்‌ஷன் பையன்தான் துப்பு கொடுத்தான். “அண்ணா, வைஃபைய அணைச்சுப்போட்டு மொபைல் டேட்டால பாத்தா மெயில் வருதுங்ணா. வைஃபை போட்டா நின்னுக்குது. அதும் எப்பவும் இல்லீங்ணா, சித்த நேரம் வருது, சித்த நேரம் போயிருது.”

ஃபெயில்2பேன். புது சர்வர் வெளி உலகத்தைப் பார்த்து நிற்கிறது என்பதால் டவ்காட்டுக்கும் போஸ்ட்ஃபிக்ஸுக்கும் அதை நானே இயக்கி வைத்திருந்தேன். இயல்பு அமைப்பு: பத்து நிமிஷத்துக்குள் ஐந்து முறை தப்பான பாஸ்வேர்டு வந்தால், வந்த முகவரியைப் பத்து நிமிஷம் தடைசெய்யும். தடைப்பட்டியலைக் கேட்டேன். ஒரே ஒரு முகவரி. இந்த அலுவலகத்தின் நிலையான ஐபி.

பழைய டவர் அலுவலகத்துக்குள் இருந்தபோது ஒவ்வொரு கணினியும் தன் தன் உள்முகவரியோடு அதனிடம் பேசியது. இப்போது சர்வர் வெளியே போய்விட்டது. ரவுட்டரைத் தாண்டும்போது 58 பேரும் ஒரே முகவரிக்குள் அடங்கிவிடுகிறார்கள். ஒருவர் ஐந்து முறை தப்பு செய்தால் ஊரையே ஒதுக்கி வைத்த கதை. தடையை எடுத்துவிட்டேன். எட்டு நிமிஷத்தில் மறுபடி விழுந்தது. அப்படியானால் யாரோ அல்ல, ஏதோ ஒரு சாதனம், விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறது.

யார் என்று டவ்காட் லாகே சொன்னது. ஸ்டோர்ஸ் பொறுப்பிலிருக்கும் பெரியவர். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருப்பவர், பாவு நூலைக் கையில் உருட்டியே கவுன்ட் சொல்பவர். சனிக்கிழமை நான் வரவைத்த ஆறு பேரில் ஒருவர். காலையில் அவர் வெங்கமேட்டுப் பக்கம் தறிப்பட்டறையில் இருந்ததால் போன் மொபைல் டேட்டாவில் தட்டியிருக்கிறது. தடை விழுந்ததும் அந்த முகவரிக்குத்தான், யாருக்கும் தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு அலுவலகம் வந்தார், போன் தானாக வைஃபையில் சேர்ந்துகொண்டது. இரண்டே காலுக்கு எனக்கு போன்.

ஆனால் அவருடைய கணினியில் மெயில் நன்றாக ஓடுகிறது, தடை இல்லாத நேரங்களில். ஒரே ஆள், ஒரே கணக்கு. கணினி சரி, போன் தப்பு.

எட்டெழுத்து

“பாஸ்வேர்டு மாத்துனீங்களாண்ணா?”

“இல்லீங் தம்பி. சனிக்கெழம உங்க முன்னாலதான அடிச்சேன். பல வருஷமா ஒரே பாஸ்வேர்டுதானுங்க.”

டவ்காட்டில் பாஸ்வேர்டையே லாகில் எழுதிக் காட்டும் அமைப்பு ஒன்று உண்டு. அதை இயக்கினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். நான் இயக்கவில்லை, யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன். அந்த நேரத்தில் உள்ளே நுழைகிற எல்லாருடைய பாஸ்வேர்டும் வெட்டவெளியில் கோப்பில் உட்கார்ந்துவிடும். பதிலாக அவரையே கேட்டேன், கணினி முன்னால் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். எழுதினார். அமராவதி ஆற்றின் பெயரை ஆங்கிலத்தில், பின்னால் அவர் கல்யாண வருஷம் நான்கு இலக்கம். போனில் கணக்கைத் திறந்து, பாஸ்வேர்டை மறுபடி அடிக்கச் சொல்லாமல், கணக்கை அமைத்துக் கொடுத்த பேரனுக்கு போன் போடச் சொன்னேன். பையன் உடனே சொன்னான்: ஆற்றின் பெயர், பின்னால் வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம்.

“ரெண்டுமே இத்தன நாளா வந்துட்டு இருந்துச்சுங்களே!” என்றார் பெரியவர்.

வந்துகொண்டுதான் இருந்தது. அமராவதி என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் பத்து எழுத்து. பழைய டிஇஎஸ் கிரிப்ட் பாஸ்வேர்டின் முதல் எட்டு எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். எழுத்துக்கு ஏழு பிட், எட்டெழுத்துக்கு 56 பிட், டிஇஎஸ் சாவியின் நீளம் அவ்வளவுதான். ஒன்பதாவது எழுத்திலிருந்து கண்ணை மூடிக்கொள்ளும். ஆற்றின் பெயர் முடிவதற்குள்ளேயே எட்டு நிறைந்துவிடுகிறது. வருஷம் நான்கு இலக்கமோ இரண்டு இலக்கமோ, இல்லவே இல்லையோ, பழைய சர்வருக்கு எல்லாம் ஒன்று. சனிக்கிழமை அவர் புது சர்வரில் நான்கு இலக்கத்தோடு அடித்தார். யெஸ்கிரிப்ட் கடைசி எழுத்து வரைக்கும் பார்க்கும். கணினியில் இருந்தது பொருந்தியது, போனில் இருந்தது பொருந்தவில்லை.

அனுமானத்தோடு நிறுத்த மனமில்லை. மாடிப்படிக்குக் கீழே பழைய டவர் இன்னும் மின்சாரத்தில் இருந்தது, நல்லவேளையாக. அதில் டவ்காட்டின் டவ்அட்ம் கருவியில் ஆத் டெஸ்ட் கட்டளையைத் திறந்து, பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அவரையே அடிக்கச் சொன்னேன். நான்கு இலக்கத்தோடு: வெற்றி. இரண்டு இலக்கத்தோடு: வெற்றி. முதல் எட்டெழுத்து மட்டும், ஆற்றின் பெயரைக்கூட முடிக்காமல்: வெற்றி. எட்டெழுத்துக்குப் பின்னால் வாய்க்கு வந்தபடி எதையோ அடித்தார். அதற்கும் வெற்றி. ஏழெழுத்தோடு நிறுத்தியபோதுதான் முதல் முறையாக மறுத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார்.

மற்ற ஐந்து பேரையும் அன்றே கூப்பிட்டேன். இரண்டு பேருக்கு இதே நிலை. அவர்கள் போனில் மெயில் நின்றதைக் கவனித்தும் ‘சர்வர் மாத்துறாங்க’ என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் அலுவலக வைஃபை பயன்படுத்தாததால் தப்பித்தோம்.

என்ன மாற்றினேன்

ஆறு பேருக்கும் புது பாஸ்வேர்டு, எல்லாச் சாதனத்திலும் நான் இருக்கும்போதே போட்டு, ஒவ்வொன்றும் உள்ளே நுழைந்ததை லாகில் பார்த்த பிறகுதான் எழுந்தேன். அமராவதிக்கு ஓய்வு கொடுத்தாயிற்று.

சாசல்ஆத்டியை எடுத்தே விட்டேன். காலையில் அது ஓடியது, ஆனால் இரண்டு பாதை இருக்கிற வரைக்கும் இரண்டு விதமான பதில் வரும். அதிலும் டெபியன் அமைப்பில் சாசல்ஆத்டி தற்காலிக நினைவகத்தோடு ஓடும்: ஒரு முறை சரியென்று ஒத்துக்கொண்ட பாஸ்வேர்டை, நீங்கள் மாற்றிய பிறகும் சிறிது காலத்துக்குச் சரியென்றே சொல்லும். பாஸ்வேர்டு மாற்றி மாற்றிச் சோதிக்கிறவரை இது நன்றாகவே குழப்பும். போஸ்ட்ஃபிக்ஸ் 2.3 பதிப்பிலிருந்தே, அதாவது 2006 முதல், டவ்காட்டிடம் நேரடியாகக் கேட்க முடிகிறது. மெயின்.சிஎஃப்பில் எஸ்ஏஎஸ்எல் வகை டவ்காட், பாதை பிரைவேட்/ஆத். டவ்காட் பக்கம் அந்த சாக்கெட்டை போஸ்ட்ஃபிக்ஸ் அடைவுக்குள், போஸ்ட்ஃபிக்ஸ் பயனருக்குச் சொந்தமாக, 0660 அனுமதியோடு திறக்கச் சொன்னால் முடிந்தது. சிஹெச்ரூட்டுக்குள்ளேயே கதவு இருப்பதால் காலையில் நடந்தது மறுபடி நடக்காது. இனி அனுப்பினாலும் வாங்கினாலும் ஒரே இடத்தில் கேள்வி, ஒரே லாகில் பதில்.

ஃபெயில்2பேனில் அலுவலக ஐபியை விலக்குப் பட்டியலில் சேர்த்தேன். இதில் இரண்டு கருத்து உண்டு. உள்ளே ஒரு கணினியில் வைரஸ் புகுந்து பாஸ்வேர்டுகளை ஊகித்துத் தட்ட ஆரம்பித்தால் தடை விழாது. ஆனால் ஒரு பழைய போனுக்காக 58 பேரின் மெயிலை ஷிப்மென்ட் நேரத்தில் நிறுத்துவது அதைவிடப் பெரிய சேதம் என்று முடிவு செய்தேன். ஈடாக, அந்த முகவரியிலிருந்து ஒரு மணி நேரத்தில் இருபது தோல்விக்கு மேல் வந்தால், தடை போடாமல் எனக்குக் குறுஞ்செய்தி வரும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். அது இதுவரை இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறது. இரண்டும் யாரோ புதுசாக வாங்கிய போன்.

அக்காவிடம் காலையில் மாற்றிய பாஸ்வேர்டுக்காக மன்னிப்புக் கேட்டு, அவர் லேப்டாப்பையும் போனையும் வாங்கிச் சரிசெய்து கொடுத்தேன். அதற்குள் ஆறரை. பெரியவர் எல்லாருக்கும் ஜவஹர் பஜாரிலிருந்து முட்டைக் கரம் வாங்கிவரச் சொல்லியிருந்தார். பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, போனில் புது பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாக, வாய்க்குள் எண்ணிக்கொண்டே அடித்தார். எட்டு தாண்டியதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இதுக்கு மேலயும் பாக்குமுங்களா தம்பி?”

“கடைசி வரைக்கும் பாக்கும்ணா.”

மீதி ஐந்தெழுத்தையும் அடித்து முடித்தார். நாற்பத்தொரு மெயில் வரிசையாக இறங்கியது.